கோடு போட்ட பாவாடையும் ஒரு கான்ஸ்டபிளும்

என் உத்தியோகக் காலம் முழுவதும் நான் செய்த வேலை என்ன என்று யாராவது கேட்டால், தவளை, நண்டு, புறா, முயல், ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் ஆகியோரைச் சுற்றி உலகத்தைச் சுழலவிட்டேன் என்றுதான் சொல்வேன். ஜம்பமடிப்பதாக நினைக்க வேண்டாம். உலகம் என்று நான் சொல்வது கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட ஒரு துணி. சுழலவிட்டவை என் இரண்டு கால்கள்.

போன மாதம், நான் ஓய்வு பெற்ற அதே உடலியல் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு பெண் போனில் பேசினாள். புதிதாக வந்திருக்கும் டெக்னீசியன்.

"மேடம், ஸ்டோர் ரூமைக் காலி பண்றோம். உள்ள ஒரு தையல் மெஷின் இருக்குது. ஃபிசியாலஜி டிபார்ட்மென்ட்டுல தையல் மெஷின் எதுக்குன்னு யாருக்குமே தெரியல. உங்களத்தான் கேக்கச் சொன்னாங்க."

"இப்ப நீங்க கண் அசைவை எதுல பாக்குறீங்க?" என்று கேட்டேன்.

"கம்ப்யூட்டர்லதான் மேடம். ஸ்க்ரீன்லயே கோடு ஓடும். ஒரு பட்டனை அமுக்கினா போதும்."

பட்டனாம். எனக்குக் கெண்டைக்காலில் சுருக்கென்றது. அந்த மெஷினை எடைக்குப் போட்டுவிடாதே என்று சொல்லிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் மெஹருன்னிசா. பாண்டியில் அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, தையல் கடை. நான் விலங்கியல் படித்துவிட்டு, எழுபதுகளில் மருத்துவக் கல்லூரி ஒன்றில் டெக்னீசியனாகச் சேர்ந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. கண்ணாடிக் குழாய்களை உடைத்தேன், திட்டு வாங்கினேன், பிறகு உடைத்ததை யாருக்கும் தெரியாமல் பெருக்கக் கற்றுக்கொண்டேன்.

எங்கள் பேராசிரியர் டாக்டர் சவரிராயன். பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, பாரீசில் ஆராய்ச்சி செய்துவிட்டு ஊர் திரும்பியவர். காலையில் வந்ததும் முதலில் விலங்குகள் இருக்கும் அறைக்குப் போவார். ஒவ்வொரு கூண்டின் முன்னாலும் நின்று "பொன்ழூர்" என்று வணக்கம் வைப்பார். தவளையை "வாங்க" என்பார், கல்லூரியின் டீனை "என்னய்யா" என்பார். கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். "தூஸ்மா" என்பார். பிரெஞ்சில் மெதுவாக என்று அர்த்தம். சத்தமாக "தூஸ்மா" என்றால் சும்மா சொல்கிறார். காதில் விழாத அளவுக்குச் சொன்னால் நாம் எதையோ கொளுத்திவிட்டோம் என்று பொருள்.

அவரிடம் ஒரு கறாரான விதி இருந்தது. தவளை பார்த்தது என்று யாரும் எழுதக் கூடாது. தவளை திரும்பியது என்றுதான் எழுத வேண்டும். "பாத்துச்சா இல்லையான்னு அவர் நம்மகிட்ட சொன்னாரா? கழுத்து திரும்புச்சு. அதை மட்டும் எழுதும்மா" என்பார்.

சேர்ந்த புதிதில் தவளைகளுக்குச் சாப்பாடு போடும் வேலை எனக்கு வந்தது. அருமையான ஈக்களாகப் பிடித்து, அடித்து, தட்டில் பரிமாறி வைத்தேன். தவளைகள் பட்டினி கிடந்தன. ஈ மூக்குக்கு முன்னாலேயே கிடக்கிறது, அது பாட்டுக்குச் சன்னியாசி போல உட்கார்ந்திருக்கிறது. எனக்கு அவமானமாகப் போய்விட்டது. எங்கள் வீட்டில் நான் பரிமாறியதை யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

சவரிராயன் சார் வந்து பார்த்தார். ஒரு ஈயை எடுத்து நூலில் கட்டி, தவளைக்கு முன்னால் ஆட்டினார். நாக்கு வந்ததை நான் பார்க்கவில்லை. ஈ போனதைத்தான் பார்த்தேன்.

"அவருக்கு அசையாதது சாப்பாடே இல்லம்மா" என்றார். "ஆட்டு. ஆட்டினாத்தான் விருந்து."

அன்று முதல் இறந்த ஈக்களுக்கு நடனம் சொல்லிக்கொடுப்பது என் காலை வேலை ஆயிற்று.

அசைவை எந்த உயிர் எப்படி அறிகிறது என்பதுதான் சாரின் ஆராய்ச்சி. அதற்கு, கடைகளுக்கு வரும் பெரிய பிஸ்கட் டின் ஒன்று இருந்தது. உள்பக்கம் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட காகிதத்தை ஒட்டி, நடுவில் ஒரு கண்ணாடிக் குடுவையை வைத்து, அதற்குள் விலங்கை உட்காரவைப்போம். பிறகு டின்னைச் சுற்றுவோம். உள்ளே இருப்பவர், உலகமே ஒரு பக்கமாக நகர்கிறது என்று எண்ணி, கூடவே திரும்புவார். ஒரு எல்லை வந்ததும் வெடுக்கென்று பழைய இடத்துக்கு வருவார். மறுபடி திரும்புவார். நண்டுக்குக் கண் ஒரு குச்சியின் முனையில் இருக்கிறது, அந்தக் குச்சி திரும்பும். அரியாங்குப்பம் ஆற்றிலிருந்து வாங்கிவந்த நண்டு, டின்னுக்குள் உட்கார்ந்து இரண்டு குச்சிகளையும் திருப்பித் திருப்பி எங்களை முறைத்தது இன்னும் நினைவிருக்கிறது. புறா கழுத்தைத் திருப்பும். ஈ உடம்போடு திரும்பும்.

முயல் வந்தபோதுதான் எனக்கு இந்த வேலையில் நிஜமான ருசி வந்தது. முயலின் ஒரு கண்ணைக் கட்டிவிட்டு டின்னைச் சுற்றினோம். கோடுகள் பின்னாலிருந்து மூக்குப் பக்கமாக வந்தால் முயல் திரும்பியது. மூக்கிலிருந்து பின்பக்கமாகப் போனால் அது பாட்டுக்குக் கீரையை மென்றுகொண்டிருந்தது. தவளையும் புறாவும் ஏறக்குறைய அதே கதைதான். நான் டின்னில்தான் கோளாறு என்று நினைத்து எண்ணெய் போட்டேன்.

"எண்ணெய் வேணாம். நீ நடந்து காட்டு" என்றார் சார். நடந்தேன். "ரெண்டு பக்கமும் சுவரு எந்தப் பக்கம் போவுது?"

"பின்னால போவுது சார்."

"முயலுக்குக் கண்ணு ரெண்டும் பக்கவாட்டுல இருக்கு. ஓடும்போது எல்லாமே பின்னாலதான் போவும். அதுக்கெல்லாம் அவர் கழுத்தைத் திருப்பிக்கிட்டு இருந்தா எங்க போய்ச் சேருவாரு? அதனால அதைக் கண்டுக்கவே மாட்டாரு. முன்னால வர்றதுக்கு மட்டும்தான் திரும்புவாரு."

மனிதனுக்கு ஒரு கண்ணைக் கட்டினாலும் மற்றக் கண் இரண்டு பக்கமும் திரும்பும். அதை அளக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. மனிதனை பிஸ்கட் டின்னில் உட்காரவைக்க முடியாதே. எனவே அத்தாவிடம் போனேன்.

"அத்தா, ஒரு பாவாடை தைக்கணும். கறுப்புக் கொடைத் துணியும் வெள்ளைக் காடாவும் மாத்தி மாத்தி வச்சு. உசரம் ஒரு ஆள் உசரத்துக்கு மேல."

"யாருக்கும்மா இம்மாம் பெரிய பாவாடை?"

"எங்க ப்ரொஃபசருக்கு."

அத்தா ஊசியைத் துணியில் குத்தி வைத்தார். பிறகு தொழில்காரருக்கே உரிய மரியாதையோடு, "இடுப்பளவு எடுத்துட்டு வந்தியா?" என்றார்.

இடுப்பளவாக மாட்டுவண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டா அமைந்தது. பாண்டி மேட்டுப்பாளையத்துப் பட்டறை ஒன்றில் அதற்கு நடுவே சைக்கிள் அச்சு பொருத்தித் தந்தார்கள். மின்விசிறி மாட்டும் கொக்கியில் அதைத் தொங்கவிட்டோம். சுற்றுவதற்கு மோட்டார் கேட்டு விண்ணப்பம் போட்டோம். விண்ணப்பம் தூங்கிற்று. அத்தாவே தன் பழைய தையல் மெஷினைக் கொடுத்தார். மிதிகட்டைச் சக்கரத்திலிருந்து ஒரு கயிறு மேலே அச்சுக்குப் போகும். நான் மிதித்தால் பாவாடை சுற்றும். வேகம் மாறாமல் இருக்க, பியானோ கற்பவர்கள் வைத்திருக்கும் டிக் டிக் பெட்டி ஒன்றை சார் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்தார். அதன் தாளத்துக்கு நான் மிதிக்க வேண்டும். மோட்டார் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்த இடத்தில் கடைசிவரை நான்தான் இருந்தேன்.

பாவாடைக்குள் ஒரு ஸ்டூல். அதில் உட்காருபவரின் கண்ணின் இரு ஓரத்திலும் சிறிய தகடுகளைப் பசையால் ஒட்டுவோம். கண் அசைந்தால் வெளியே ஒரு கருவியில் பேனா அசைந்து காகிதத்தில் கோடு போடும். கண் கோட்டைத் தொடர்ந்து மெல்ல நகர்ந்து, வெடுக்கென்று திரும்பி வருவதால், காகிதத்தில் ரம்பப் பல் மாதிரி விழும். மாணவர்கள், பியூன், வாட்ச்மேன் எல்லாரையும் உட்காரவைத்தோம். எல்லாருக்கும் ரம்பம். ஒருநாள் டீனே வந்து உட்கார்ந்தார். சார் அவருடைய ரம்பத்தையும் நண்டின் குச்சிக் கண்ணை வைத்து வரைந்த ரம்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் ரசித்தார். "நண்டோடது கொஞ்சம் சுத்தமா இருக்குய்யா" என்று டீனிடமே சொன்னார்.

நான் உட்கார்ந்து மிதிக்கும் இடத்திலிருந்து பாவாடைக்குள் இருப்பவரின் முகம் தெரியாது. துணி முழங்கால் உயரத்தில் முடிந்துவிடும். கீழே கால்கள் மட்டும் தெரியும். செருப்பை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேன். இது பின்னால் உதவியது.

எண்பதுகளின் தொடக்கத்தில் தணிகாசலம் வந்தார்.

அவர் டிராஃபிக் கான்ஸ்டபிள். அரியாங்குப்பத்துக்காரர். முந்தைய ஆண்டுப் புயலில் சாய்ந்த மரம் ஒன்றை அப்புறப்படுத்தும்போது கிளை பின்மண்டையில் விழுந்து, பல வாரம் படுத்துக் கிடந்து எழுந்தவர். தேறி மறுபடி வேலைக்கு வந்து, பாண்டிப் போலீசுக்கே உரிய சிவப்புத் தொப்பியோடு நாற்சந்தியில் நின்றார். கொஞ்ச நாள் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. ஒரு காலையில் பெரிய அதிகாரி ஒருவரின் வெள்ளை அம்பாசிடர் வந்தது. தணிகாசலம் கையைக் காட்டி நிறுத்தினார். நிறுத்தினவர் கையை இறக்கவே இல்லை. குறுக்கே போகும் வண்டிகள் எல்லாம் போய் முடிந்து, தெருவே காலியாகி, ஒரு மாடு நிதானமாகக் கடந்து போன பிறகும் கை அப்படியே இருந்தது. டிரைவர் ஹாரன் அடித்தும் பயனில்லை. அடுத்த வாரம் அவருக்கு ஏனாமுக்கு மாற்றல் உத்தரவு வந்தது.

பாண்டியில் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். ஒரே நிர்வாகம் என்று பெயர், ஏனாமோ ஆந்திராவில் இருக்கிறது. போய்ச் சேருவதற்குள் சோறும் மாறிவிடும், பாஷையும் மாறிவிடும். மாற்றல் என்றாலே நல்ல திடகாத்திரமான ஆட்களுக்கெல்லாம் திடீரென்று முதுகுவலி வரும். தணிகாசலம் அப்போதுதான் வாயைத் திறந்து, தனக்கு வண்டிகள் அசைவது தெரியவில்லை என்றார். யார் நம்புவார்கள்? கண் டாக்டர் சோதித்தார். கடைசி வரியின் பொடி எழுத்தைக்கூட இவர் தடங்கலில்லாமல் படித்தார். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று எழுதி, எதற்கும் இருக்கட்டும் என்று எங்களிடம் அனுப்பிவைத்தார்.

கூட்டிக்கொண்டு வந்தவர் இன்ஸ்பெக்டர் கலியபெருமாள். ஆஜானுபாகு. மீசையை முறுக்கும்போது அதற்கு வலிக்கும் என்று நமக்குத் தோன்றும்.

"நடிக்கிறான் சார்" என்றார் வந்ததும். "மரம் விழுந்தப்ப நான்தான் இவனை ஜீப்புல தூக்கிப் போட்டுக்கிட்டு வந்தேன். ரத்தம் எல்லாம் என் சட்டையிலதான். பொழைச்சு வந்து எனக்கே டிராமா போடுறான் பாருங்க. அடுத்த வாரம் மெடிக்கல் போர்டு. நடிப்புன்னு தெரிஞ்சுதுன்னா வேலையே போயிடும்னு சொல்லிட்டேன். கேக்க மாட்டேங்குறான்."

அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது. அதனால்தான் அவ்வளவு சத்தமாகப் பேசினார் என்று நினைக்கிறேன்.

தணிகாசலம் ஸ்டூலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேசுகிறவர் வாயைப் பார்க்கவே மாட்டார். நான் தேநீர் கொண்டுபோய் நீட்டினேன். திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"எப்பம்மா வந்தீங்க? இப்பத்தான கதவாண்ட நின்னீங்க?"

அவர் மனைவி மல்லிகா பக்கத்தில் நின்றிருந்தார். "இவரு கிட்ட வரணும்னா நின்னு நின்னு வரணுங்க" என்றார். "ஒரு அடி வச்சு நிக்கணும், மறுபடி ஒரு அடி. எங்க பசங்க கத்துக்கிட்டாங்க. அப்பா வந்தா செலை மாதிரி நின்னுடுவாங்க. அப்பத்தான் அப்பா பாப்பாருன்னு."

"இவ்ளோ நாள் எப்படி டூட்டி பாத்தீங்க?" என்று சார் கேட்டார்.

"காதாலதான் சார். பஸ்ஸு, லாரி, ரிக்‌ஷா மணி எல்லாம் சத்தம் தெரியும். சொன்னா வேலை போயிடுமேன்னு சொல்லல. அன்னிக்கு அந்தப் புது அம்பாசிடரு வர்றப்ப சத்தமே போடல. தூரத்துல இருந்துச்சு. அப்புறம் பாத்தா மூஞ்சிக்கு முன்னால இருந்துச்சு. நிக்குதா வருதான்னு தெரியல சார். கையை இறக்கினா யாராவது செத்துப்போயிடுவாங்களோன்னு இறக்கல."

சவரிராயன் சார் எழுந்துபோய்த் தவளைத் தொட்டியின் முன்னால் நின்றார்.

"மெஹரு, இவரும் நம்ம தவளையாரும் நேர் எதிர்" என்றார். "அவருக்கு அசையாதது தெரியாது. இவருக்கு அசையறது தெரியாது. ரெண்டு பேரையும் சேத்து நாற்சந்தியில நிறுத்தினா ஒரு முழு கான்ஸ்டபிள்."

"ஒரு கண்ணு எழுத்தைப் பாக்கும், அசைஞ்சாப் பாக்காதா சார்? அதெப்படி?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தவளைக்கும் முயலுக்கும் கண்ணே பாதி மூளை. அசையறது எது, எந்தப் பக்கம் போவுதுங்கிற கணக்கைப் பெரும்பாலும் கண்ணுலயே போட்டுடும். நமக்குக் கண்ணு தபால்காரன் மாதிரி. கொண்டுபோய்க் குடுக்கிறதோட சரி. பிரிச்சுப் படிக்கிறவரு பின்மண்டையில உக்காந்திருக்காரு. எழுத்துக்கு ஒருத்தர், அசைவுக்கு ஒருத்தர்னு இருக்கலாம். மரம் எங்க விழுந்துச்சு?"

இன்ஸ்பெக்டர் தன் பின்மண்டையைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டார்.

பாவாடைக்குள் தணிகாசலத்தை உட்காரவைத்தோம். டிக் டிக் பெட்டியை மெதுவாக வைத்து மிதித்தேன். பேனா அழகாக ரம்பம் போட்டது. இன்ஸ்பெக்டரின் மீசை மலர்ந்தது. பெட்டியை வேகமாக வைத்தோம். ரம்பம் நின்றுபோய், காகிதத்தில் ஒரு நேர்கோடு ஓடியது. நண்டுக்குக்கூட அந்த வேகத்தில் ரம்பம் விழும். மறுபடி மெதுவாக வைத்தால் ரம்பம், வேகமாக்கினால் கோடு.

"வேணும்னே எங்கியோ முறைச்சுப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான் சார்" என்றார் இன்ஸ்பெக்டர்.

சார் சட்டென்று மறுத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் "பண்ணலாம்" என்றார். "நானே பண்ணுவேன்." தானே உள்ளே போய், தகடுகளை ஒட்டிக்கொண்டு, ஒரு விரலை மூக்குக்கு முன்னால் நிறுத்தி அதையே பார்த்தார். நான் மிதித்தேன். அவருக்கும் நேர்கோடுதான் வந்தது.

"பாத்தீங்களா?" என்று இன்ஸ்பெக்டர் கையைத் தட்டினார். மல்லிகா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

அவர்கள் போன பிறகு சார், "தீர்மானமாகச் சொல்ல முடியாது" என்று எழுத வேண்டியிருக்கும் என்றார். மெடிக்கல் போர்டில் அப்படி எழுதினால் நடிப்பு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இரண்டு குழந்தைகள், ஒரு சம்பளம். சார் "தூஸ்மா, தூஸ்மா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உதட்டசைவுதான் தெரிந்தது, எனக்கே காதில் விழவில்லை.

மறுநாளும் அவர் பாவாடைக்குள் போனார். இந்த முறை ஸ்டூலை வெளியே எடுத்துவிட்டு, நின்றுகொண்டே விரலை முறைத்தார். எங்கே ஏமாற்று வேலைக்கு வழி இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார். நான் மிதித்துக்கொண்டே வழக்கம்போல் கால்களைப் பார்த்தேன். பாரீசில் வாங்கிய பழுப்பு நிற ஷூ. அது மெதுவாகப் பக்கவாட்டில் நகர்ந்தது. பிறகு இன்னொன்று.

"சார், உங்க ஷூ நடக்குது."

"நான் நடக்கல."

"நீங்க நடக்கல சார். ஷூதான் நடக்குது."

பிறகு பாவாடைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. ரயிலில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்து ரயில் கிளம்பினால் நம் ரயில் கிளம்பியதாகத் தோன்றுமே, அதுதான். உலகம் முழுக்கச் சுற்றினால் உடம்பு தானே சுற்றுவதாக நம்பிவிடும். சார் வெளியே வந்து, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கண்ணைக் கட்டிப்போடலாம் மெஹரு. காலைக் கட்டிப்போட முடியாது."

போர்டுக்கு முந்தைய நாள் எல்லாரும் மறுபடி வந்தார்கள். தணிகாசலம் உள்ளே நின்றார். கையில் விளிம்புவரை தேநீர் நிரப்பிய டம்ளர். நான் வேகமான தாளத்துக்கு மிதித்தேன். துணிக்குக் கீழே அவருடைய செருப்புகள் சிமெண்டில் பதித்தாற்போல் இருந்தன. சார் ஸ்டூலில் ஏறி, பாவாடையின் மேல்விளிம்பு வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். தணிகாசலத்தின் கண் திறந்துதான் இருந்தது. நிறுத்தியபோது டம்ளர் அப்படியே இருந்தது. "குடிக்கலாமா சார்?" என்று கேட்டுக் குடித்தும் விட்டார்.

"இதுல இன்னா இருக்குது?" என்றார் இன்ஸ்பெக்டர். "சும்மா நிக்கிறதுக்கு ஒரு டெஸ்ட்டா? பந்தோபஸ்துல நாள் முழுக்க நிக்கிறவங்க நாங்க."

"அதான் எனக்கும் சந்தேகம்" என்றார் சார் படு பவ்யமாக. "நடிக்கத் தெரியாத ஒருத்தர் நின்னு காட்டினா நல்லது. நீங்க நிப்பீங்களா?"

இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். துணிக்குக் கீழே பளபளவென்று பாலிஷ் போட்ட பூட்ஸ் மட்டும் தெரிந்தது. நான் மிதிக்கத் தொடங்கினேன். தேவைக்குச் சற்று அதிகமான பக்தியோடுதான் மிதித்தேன் என்பதைச் சொல்வதில் எனக்கு எந்த வெட்கமும் இல்லை.

முதலில் பூட்ஸ் அசையவில்லை. பிறகு இடது பூட்ஸ் யோசித்தது. ஒரு விரல் அகலம் நகர்ந்து, அதுவே வெட்கப்பட்டுத் திரும்பி வந்தது. வலது பூட்ஸ் அதற்குத் துணையாக நகர்ந்தது.

"நிறுத்துங்க! தரை சுத்துது!"

"தரை சிமெண்ட் சார்" என்றேன்.

"யம்மா, சுத்துதுன்னு சொல்றேன்ல!"

தேநீர் பூட்ஸ் மேல் வழிந்தது. அடுத்து அவருடைய தொப்பி கீழே விழுந்து, பாவாடைக்கு அடியிலிருந்து உருண்டு வந்து, என் மிதிகட்டைக்குப் பக்கத்தில் நின்றது. இன்ஸ்பெக்டர் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டார். கிடைத்தது அத்தாவின் தையல். கறுப்பும் வெள்ளையுமான அத்தனை முழத் துணியும் இரும்புப் பட்டாவிலிருந்து பிய்ந்து அவர் மேல் விழுந்தது. அவர் அதைச் சுற்றிக்கொண்டே கதவைத் திறந்து வராந்தாவுக்குப் போய், சுவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். வகுப்பு முடிந்து வந்துகொண்டிருந்த மாணவர்கள் பாவாடை கட்டிய இன்ஸ்பெக்டரைப் பார்த்து வழிவிட்டு நின்றார்கள்.

சார் பதறவில்லை. ஒரு நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டார். "உக்காருங்க முசியே" என்றார். "சுத்துறது தெரிஞ்சும் அசையாம நிக்க உங்களாலயே முடியல. அவரால எப்படி முடியும்?"

இன்ஸ்பெக்டர் ரொம்ப நேரம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணைத் திறந்தபோது தணிகாசலம் எதிரே தொப்பியைத் துடைத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"டேய், நெசமாவே தெரியலையாடா?"

"தெரியல ஐயா."

"அப்ப ஏன்டா ஏனாம் போவ மாட்டேன்னு..."

"ஏனாம் போவ மாட்டேன்னு நான் எப்ப ஐயா சொன்னேன்? எங்க வேணா போறேன். ரோட்டுல மட்டும் நிறுத்தாதீங்கன்னுதான் சொன்னேன். நீங்கதான் அதை முழுசாக் கேக்கல."

நாங்கள் எல்லாரும் யோசித்துப் பார்த்தோம். உண்மைதான். கண் டாக்டர், எங்கள் சார், நான், யாருமே அதைக் கேட்கவில்லை. ஏனாம் என்ற சொல்லைக் கேட்டவுடனே மீதியை நாங்களே நிரப்பிக்கொண்டுவிட்டோம்.

போர்டில் சவரிராயன் சாரே போய்ச் சொன்னார். கூடவே இன்ஸ்பெக்டரும் போனார். தான் உள்ளே நின்றதையும் தரை சுற்றியதையும் சொன்னாராம். பாவாடையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை என்று சார் சொன்னார். வேலை தப்பியது. ஏனாம் உத்தரவை மாற்ற முடியவில்லை, ஆனால் அங்கே ஸ்டேஷனில் டெலிபோன் எடுக்கும் வேலை என்று மாற்றி வாங்கினார் கலியபெருமாள். அதற்காக எத்தனை மேசைக்கு முன்னால் நின்றார் என்று அவர் சொல்லவில்லை. தணிகாசலத்துக்கு ஒரே சந்தோஷம். "அங்க ரோட்டுல ஒண்ணுமே அசையாதாம் மேடம்" என்றார்.

துணியை அத்தா மறுபடி தைத்துக்கொடுத்தார். கிழிசலைப் பார்த்துவிட்டு, "உங்க ப்ரொஃபசர் பாவாடை கட்டிக்கிட்டு இன்னாதாம்மா பண்றாரு?" என்று மட்டும் கேட்டார்.

அவர்கள் ஏனாமுக்குப் புறப்பட்ட நாளில் ரயிலடிக்குப் போனோம். விழுப்புரம் போகும் பாசஞ்சர். குழந்தைகள் ஜன்னலில் தொற்றிக்கொண்டிருந்தார்கள். மல்லிகா டிபன் கேரியரை மடியில் வைத்திருந்தார். தணிகாசலம் ஜன்னலோரம் உட்கார்ந்து பிளாட்பாரத்தைப் பார்த்தார். சுற்றிலும் எல்லாரும் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் பழக்க தோஷத்தில் கையைத் தூக்கினேன்.

"ஆட்டாதே" என்றார் சார் தாழ்ந்த குரலில். "நீ ஆட்டினா அவருக்கு உன்னைத் தெரியாது. அசையாம நில்லு."

தூக்கிய கையை அப்படியே வைத்துக்கொண்டேன். சார் தன் தொப்பியை மார்போடு அணைத்தபடி நின்றார். இன்ஸ்பெக்டருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு கணம் தடுமாறிவிட்டு, பூட்ஸைச் சேர்த்து, நெஞ்சை நிமிர்த்தி, தன் கீழே வேலை பார்த்த கான்ஸ்டபிளுக்கு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். வைத்த கை அங்கேயே நின்றது. போர்ட்டர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். மூன்று பேருக்கும் ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

தணிகாசலம் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அவசரப்படாமல் பார்த்தார். முதல் தடவையாக என் முகத்தை முழுக்கப் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது. சிரித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, துடைத்தால் அசைந்துவிடுவேனே என்று துடைக்கவில்லை.

ரயில் நகர்ந்தது. நாங்கள் நின்றோம். கடைசிப் பெட்டியும் போயிற்று.

"மேடம், ரயிலு போயிடுச்சா?" என்று இன்ஸ்பெக்டர் உதட்டை அசைக்காமல் கேட்டார். கண் நேரே நிலைத்திருக்க, கை இன்னும் நெற்றியில்தான் இருந்தது. "கையை இறக்கலாமா?"

தண்டவாளம் காலியாகி நேரமாகியிருந்தது.

"இன்னும் கொஞ்சம் இருங்க சார்" என்றேன்.